பனையும் வேதமும்: தென்பாண்டிச் சபைகளின் அன்றாட வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கிறித்தவ சமயம் இயற்கையைப் பேணியதா, பாழ்படுத்தியதா என்னும் வினா அறிஞருலகில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. இடைக்காலத் தொழில்நுட்ப வரலாற்றில் வல்லவரான லின் ஒயிட் 1967இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையொன்று இவ்விவாதத்துக்குக் கால்கோள் செய்தது. மனிதனை ஏனைய படைப்புகளின் ஆண்டானாக நிறுத்திய ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே, மேலைநாட்டார் மண்ணையும் காட்டையும் தம் கைப்பொருளாகக் கருதுவதற்கு வித்திட்டது என்பது அவர் வாதம். அவரும் கிறித்தவரே. நோயின் வேர் சமயத்தில் உள்ளதெனின் மருந்தும் சமயத்திலேயே தேடப்பட வேண்டும் எனக் கூறி, அசிசி நகரத்துப் பிரான்சிசை வழிகாட்டியாகச் சுட்டினார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அத்துறவியைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். துறவியின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்ட திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை விடுத்தார். ஒயிட்டை மறுத்தோர் பலரும் ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் துணைக்கழைத்தனர். அங்கே மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுகிறான், ஆளுவதற்கு அன்று.

இவ்வாதங்கள் யாவும் நூல்களுக்குள் நிகழ்பவை. தமிழ்நாட்டில் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நூலறையை விட்டுத் திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் தேரி நிலத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமயமும் ஒரு மரமும் கூடி வாழ்ந்துள்ளன. அவ்வாழ்வின் இயல்பையும், அது தளர்ந்த காரணத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறித்தவரின் இயற்கையறிவு என்றவுடன் தரங்கம்பாடியே பலர்க்கும் நினைவுக்கு வரும். லின்னேயசின் மாணவரான கூனிக் 1768இல் மருத்துவராக அங்கு வந்தார். 1776இல் வந்து 1836இல் மறைந்த ரொட்லர், தென்னிந்தியச் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்திப் பெயரிட்டதோடு தமிழ் அகராதியொன்றையும் தொகுத்தார். இலைகளையும் சொற்களையும் ஒரே பொறுமையுடன் அடுக்கிவைத்த கை அவருடையது. அவரைப் பற்றித் தமிழ்ப் புலவர்கள் இன்னும் விரிவாக எழுதவேண்டும். ஆயினும் அது புலமையின் பணி. எழுத்தறியாத ஒரு குடும்பம் விடியற்காலை முதல் இருள் சூழும்வரை ஒரு மரத்தோடு கொண்டிருந்த உறவு அதனினும் வேறானது. நாம் இங்கு நோக்குவது இதனையே.

பனை தமிழர்க்குப் புதிய மரமன்று. சேரர்க்குப் போந்தை குடிப்பூ. காதலில் தோற்றவன் ஏறும் மடல்மா பனையின் கருக்கு மட்டையால் ஆயது. அன்றில் கூடு கட்டுவது பெண்ணையின் உச்சியில். வள்ளுவர் சிறுமைக்குத் தினையை அளவாகக் கொண்டபோது பெருமைக்குப் பனையைக் கொண்டார். தொல்காப்பியர் புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல் என வகுத்தமையின், பனை நம் இலக்கண மரபில் மரமன்று, புல்லே. இக்காலத் தாவரவியலும் அதனைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைப்பது இவ்விடத்து நினையத்தக்கது. நன்னூலார் மட்டும் பனைக்குச் சற்று இரக்கமின்றி நடந்துகொண்டார். ஆசிரியராகத் தகாதவர்க்கு அவர் கூறும் உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. அண்டவொட்டாது நின்று, தானே விழும் பழத்தை மட்டும் தருவது என்பது அவ்வுவமையின் பொருள். பனையைக் கீழிருந்து மட்டுமே நோக்கியவர் கூறிய உவமை இது. ஏறியவன் இதற்கு உடன்படான்.

கிறித்தவ மறை தமிழுக்கு வந்தபோதும் முதலில் வந்தமர்ந்த இடம் பனையோலையே. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பின்னர் தமிழ் ஏடுகளைத் திரட்டினார். எழுத்தர்களை அமர்த்தித் தம் எழுத்துகளை ஓலையில் எழுதுவித்தார். அச்சுப்பொறி வந்து, புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறுவதற்கு முன்பே கிறித்தவத் தமிழ் ஓலையில் உலவத் தொடங்கிவிட்டது.

ஓலையில் இடம்பெற்ற வேதத்துக்குள் பனை இடம்பெற்றது அடுத்த கட்டம். எபிரேயத்தில் 'தாமார்' என்பது பேரீச்ச மரத்தின் பெயர். பவர் தலைமையில் திருத்தம் பெற்று 1871இல் நிறைவுற்றதும், சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் வழங்குவதுமான பழைய மொழிபெயர்ப்பில் இச்சொல் இருவகையாகப் பெயர்க்கப்பட்டுள்ளது. இஸ்ரவேலர் பாலைவனத்தில் ஏலிம் என்னுமிடத்தில் கண்ட எழுபது மரங்கள் பேரீச்ச மரங்களாகவே நிற்கின்றன. எரிகோ நகரின் அடைமொழியிலும் பேரீச்சையே உள்ளது. ஆனால் 92ஆம் சங்கீதத்தில், நீதிமானின் செழிப்புக்கு உவமையாக அதே மரம் வருமிடத்தில், மொழிபெயர்ப்பாளர் பனை என்று எழுதினர். வரலாறு கூறுமிடத்தில் பாலஸ்தீனத்து மரம். வழிபடுவோர் தம் வாயால் பாடுமிடத்தில் தமிழ்நிலத்து மரம். இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதாக இல்லாமலும் இருக்கலாம். எனினும் நற்செய்தி நூலில் எருசலேம் மக்கள் கையிலேந்திய பேரீச்சங் கிளைகள் தமிழில் குருத்தோலைகள் ஆயின என்பதனையும் உடன் வைத்து நோக்குமிடத்து, இதனை வெறும் தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

காப்பியக் கவிஞர்கள் வேறு வழியில் சென்றனர். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாடப் புகுந்தபோது நீர்வளமும் நெல்வளமும் மிக்க மருதத்தையே படைத்தார். காப்பிய மரபு அதனை வேண்டிற்று. தேரி மண்ணில் வாழ்ந்த கிறித்தவனுக்கோ மருதம் தன் ஊர் அன்று. அவன் தன் நிலத்தைக் கண்டது சங்கீதத்தின் அந்த ஒரு சொல்லில்தான். பெருங்காப்பியம் தராததை ஒரு மொழிபெயர்ப்புச் சொல் தந்தது என்பது நம் வட்டத்துக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தற்குரியது.

இனி, நிலத்துக்கு வருவோம். தேரி என்பது காற்று குவித்த செம்மணற் பரப்பு. ஆடிக் காற்றில் மணல் எழுந்து வேலிகளை மூடும். பாதைகள் இடம் மாறும். மழைநீர் தங்காது உள்ளிறங்கிவிடும். இத்தகைய மண்ணில் வேர் நார்களால் மணலை இறுகப் பற்றி, யாரும் நீரூற்றாமலே நின்று, மனிதனுக்கு உணவளிக்கவல்ல மரம் பனை ஒன்றே எனலாம். அதன் 801 பயன்களைப் பாடுவதாகத் 'தாலவிலாசம்' என்னும் பழைய நூலைக் குறிப்பிடுவர். எண்ணிக்கையில் கவிஞரின் கைவண்ணம் இருக்கலாம், கருத்தில் மிகையில்லை. பனை உழவாரன் ஓலையின் அடிப்புறத்தில் கூடொட்டும். தூக்கணாங்குருவி ஓலை நுனியில் கூடு தொங்கவிடும். மட்டையின் இடுக்கில் பறவை எச்சத்தால் விழுந்த ஆலும் அரசும் முளைத்துப் பனையைத் தழுவி வளரும். லின்னேயஸ் 1753இல் இம்மரத்துக்குப் பெயரிட்டபோது 'விசிறி தாங்கி' எனப் பொருள்படும் சொல்லைத் தேர்ந்தார். பனங்காட்டில் ஒருநாள் நின்றிருந்தால் அவர் விசிறியோடு அமைந்திருக்கமாட்டார்.

இம்மண்ணில் 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், துன்புறுத்தலுக்கு ஆளான கிறித்தவர்க்காக ஓர் ஊரை அமைத்தார். அது முதலூர் எனப் பெயர்பெற்றது. 1820இல் திருநெல்வேலிக்கு வந்த இரேனியுஸ், 1830இல் தரும சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். கிறித்தவம் தழுவியமையால் இருப்பிடம் இழந்தோர்க்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவது அதன் நோக்கம். மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், கடாட்சபுரம், நாசரேத் எனப் புதிய ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் தோன்றின. ஊர்ப்பெயராய்வில் இவை தனியோர் அடுக்கு. நில உடைமையும் மர உடைமையும் தமதல்லாதார், பிறர் பனையில் வாரத்துக்கு ஏறிய நிலைமையை எண்ணும்போது, சொந்த நிலத்தில் நட்ட வடலி என்பதன் பொருள் விளங்கும். தனக்கென்று நிலம் இல்லாதவன் ஒரு தலைமுறைக்குப் பின் பயன்தரும் மரத்தை நடமாட்டான். பனை முதற்பாளை விடுவதற்கே பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும்.

மெய்ஞ்ஞானபுரத்தில் 1838இல் குடியேறி 1870இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றிய வேல்சு நாட்டவர் ஜான் தாமஸ், கிணறுகள் தோண்டியும் மரங்கள் வளர்த்தும் மணற்பாழாய்க் கிடந்த இடத்தைச் சோலையாக்கினார். அவர் எழுப்பிய ஆலயத்தின் வானளாவிய கோபுரத்தைப் பலரும் வியப்பர். கோபுரத்தினும் கிணறே பெரிய பணி என்பது என் எண்ணம். 1841இன் இறுதியில் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லும் நிலம் வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, கிணறு தோண்டி, மரம் நட்டு ஊரமைத்தார். தமிழறிஞர்க்கு அவர் 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர். இடையன்குடியார்க்கு ஊரை வகுத்தவர். 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவர் உடல் அவ்வூர் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கால்டுவெல்லைப் புகழ்ந்து நின்றுவிடுதல் வரலாற்று நேர்மையாகாது. பனையேறும் மக்களைப் பற்றி அவர் 1849இல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதில் பனையின் இயல்பையும் தொழிலின் நுட்பத்தையும் கூர்ந்து எழுதினார். ஆனால் ஏறும் மனிதரின் அறிவையும் குடிப்பிறப்பையும் குறைத்துக் கூறினார். அக்கருத்துகள் அம்மக்களிடையே ஆறாத புண்ணாகி, பிற்காலத்தில் கடும் எதிர்ப்பை விளைவித்தன. மரத்தைச் சரியாகக் கண்ட கண்ணுக்கு மனிதன் புலப்படாது போனான். அயல்நாட்டுக் குருமாரின் மேலாண்மையை எதிர்த்துச் சட்டாம்பிள்ளை என வழங்கும் அருமைநாயகம் 1857இல் தனியே இந்து கிறித்தவ சபையை நிறுவி, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டதும் இப்பனங்காட்டில்தான். சூழலைக் காப்போம் என்று இன்று புறப்படுவோர்க்கும் கால்டுவெல்லின் இக்குறை தொற்றாமல் இருக்கவேண்டும். பனையைப் பற்றிய அண்மைக்காலப் பேச்சுகளில் பனையேறியின் குரல் எத்துணை அரிதாகக் கேட்கிறது என்பதைக் காணும்போது இவ்வச்சம் எழுகிறது.

பனையேறியின் ஒருநாளைச் சற்று விரிவாகக் காண்போம். பருவம் தொடங்கிவிட்டால் விடியுமுன் எழுந்து, அரிவாள் பெட்டியை இடையில் கட்டி, தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறுவான். முப்பது முதல் ஐம்பது மரம்வரை நாளுக்கு இருமுறை ஏற வேண்டும். சில வேளை மும்முறை. ஆண்பனையாயினும் பெண்பனையாயினும் பாளையை முதலில் கடிப்பால் பதமாக நெரித்து, பின்னர் நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிவர வேண்டும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். சீவாது விட்டால் ஊறல் அடைந்துவிடும். மரத்துக்குக் கேடின்றிப் பயன்கொள்ளும் அளவை அறிந்த கை அது. நெஞ்சிலும் காலிலும் காய்ப்பேறிய தோலே அக்கல்விக்கு அவன் செலுத்திய கட்டணம்.

கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு இத்தொழிலில் அறத்தின் எல்லைக்கோடாயிற்று. கடற்கரைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தடவினால் கலயத்தில் வடிவது பதநீர், தடவாவிடின் கள். திருச்சபை கள்ளை விலக்கிற்று. ஆதலின் பனையேறியின் சமய ஒழுக்கம் ஞாயிறு மட்டும் ஆலயத்தில் வெளிப்படுவதாக இராமல், ஒவ்வொரு நாளும் அறுபதடி உயரத்தில், ஒருவரும் காணாத இடத்தில், விரல் நுனியில் எடுக்கும் சுண்ணாம்பில் வெளிப்பட்டது. அன்றாட வாழ்வில் விசுவாசம் என்று மேடைகளில் பேசப்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. ஓய்வுநாள் கட்டளைதான் அவனுக்கு இடர் தந்தது. பனை ஏழாம் நாளை அறியாது. ஞாயிற்றுக்கிழமை பாளையைச் சீவாது விட்டால் திங்களன்று இழப்பு. வேதத்தின் கட்டளைக்கும் மரத்தின் கட்டளைக்கும் இடையில் நின்றவன் அவன். நெல்விளையும் ஊர்களில் பிறந்த இறையியல் இவ்விடரை உணர்ந்ததில்லை.

இறக்கிய பதநீரைக் காய்ச்சுவது பெண்களின் பணி. விடிலி எனப்படும் ஓலைக்குடிலில், கோடை வெயிலோடு அடுப்பனலும் சேர, கூழ்ப்பதமாகும்வரை கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் வற்ற வேண்டும். அதற்குரிய விறகை எண்ணிப் பாருங்கள். காய்ந்த ஓலையும் மட்டையும் பன்னாடையும் போதாமல் உடைமரங்களும் அடுப்புக்குச் சென்றன. பனை வாழ்வு இயற்கைக்கு ஒரு கேடும் செய்யாத பொற்காலம் என்று பாடுவோர் இவ்வடுப்பை மறந்துவிடுகின்றனர். பனையைப் பற்றி எழுதிய ஆண்கள் பெரும்பாலோர் ஏறுபவனை மட்டுமே எழுதினர். அடுப்பின் முன் அமர்ந்தவளின் கண்ணெரிச்சல் இலக்கியத்துள் இன்னும் போதிய அளவு நுழையவில்லை.

இவ்வாழ்வின் பொருள்களே ஆலயத்துக்குள்ளும் சென்றன. தொடக்கக்கால ஆலயங்கள் பனங்கை பரப்பி ஓலை வேய்ந்தவை. காசு அரிதாகிய ஊர்களில் கருப்பட்டியும் காணிக்கையாயிற்று. உலையிடுமுன் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசி வாரந்தோறும் சபைக்குச் சேர்ந்தது. அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாக வந்த நுங்கும் கிழங்கும் முருங்கையும் கோழியும் ஏலம் விடப்பட்டன. அசனம் எனப்படும் பொதுவிருந்தின் சோற்றை ஓலைப்பெட்டியில் வாங்கிச்செல்லும் வழக்கம் இருந்தது. இன்று அவ்விடத்தை வாளிகள் பிடித்துக்கொண்டன. குருத்தோலை ஞாயிறன்று சிறுவர் ஓலையில் சிலுவை முடைவர். அவ்வோலை வீட்டுச் சுவரில் ஓராண்டு உலர்ந்திருக்கும். கத்தோலிக்க ஊர்களில் அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று அதனையே எரித்து, அச்சாம்பலை நெற்றியில் இடுவர். பயன்படுத்திய எதுவும் குப்பையாகாமல் மண்ணுக்கோ நெற்றிக்கோ திரும்பிய வட்டம் அது. இதனைச் சூழலியல் என்று அவர்கள் அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

இவ்வட்டம் ஏன் உடைந்தது? நாகரிகத்தின் மேலும் நுகர்வு வேட்கையின் மேலும் பழிசுமத்திவிடுதல் எளிது. வரலாறு கூறும் விடை அதனினும் கடினமானது. பனையேறியை மரத்திலிருந்து இறக்கியது திருச்சபையே. 1840களில் ஜி.யு.போப் சாயர்புரத்தில் நடத்திய கல்விச்சாலை, இடையன்குடியிலும் நாசரேத்திலும் எழுந்த பள்ளிகள், பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயர் தாங்கிய பெண்கல்வி நிலையம் ஆகியவை பனங்காட்டுப் பிள்ளைகளை ஆசிரியராக்கின, மருத்துவராக்கின, போதகராக்கின. ஏறுவோன் மகன் ஏறவேண்டியதில்லை என்னும் நிலை தோன்றிற்று. இதனைத் தீங்கென்று கூறும் துணிவு எவர்க்கும் வரலாகாது. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தோரையும், இளமையிலேயே கணவனை இழந்தோரையும் அறியாத ஊர் அப்பகுதியில் இல்லை. தெற்குத் திருவிதாங்கூரில் அதே தொழில்செய்த மக்களின் பெண்கள், தோளை மறைக்கும் உரிமைக்காக 1859ஆம் ஆண்டின் அரசாணை வரை போராட வேண்டியிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. இறங்குதல் விடுதலையாக இருந்தது.

ஆகவே தமிழ்க் கிறித்தவத்தின்மேல் லின் ஒயிட் கூறிய குற்றம் அப்படியே பொருந்தாது. இங்கே பனை வீழ்ந்தது மனிதன் இயற்கையை ஆளப் புறப்பட்டதால் மட்டும் அன்று. பிறரால் ஆளப்பட்ட மனிதர் நிமிர்ந்தபோது, அவர்கள் கைவிட்டுச் சென்றவற்றுள் அம்மரமும் ஒன்றாயிற்று. மனிதனுக்கு மீட்பளித்த சமயம், அம்மனிதன் இல்லாத இடத்தில் மரம் எவ்வாறு வாழும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. ஏறுதலை இழிவென்று முத்திரையிட்ட சமூகத்தில், ஏறாமையே உயர்வாகக் கற்பிக்கப்பட்டது. தொழிலின் இடரை நீக்குவதும் தொழிலின் இழிவை நீக்குவதும் வேறுவேறு பணிகள். முதற்பணியைச் செய்ய எளிய வழி, தொழிலையே விட்டுவிடுவது. இரண்டாம் பணியைச் செய்திருந்தால் பாதுகாப்பான ஏறுகருவியும் நியாயமான விலையும் கற்றவர் கைகளும் பனைக்குக் கிடைத்திருக்கும். பேராசிரியர்களையும் பேராயர்களையும் தந்த பனங்காடு, பனைக்கென்று ஓர் அறிவியலாளர் மரபைத் தரவில்லை என்பது நம்மவர் எல்லோரும் விடைகூற வேண்டிய குறை.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாகக் கூறத்தக்கவை. வெள்ளைச் சர்க்கரை கருப்பட்டியை வென்றது. 1978இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. பட்டத்தால் மரம் பிழைக்கவில்லை. செங்கற்சூளைகள் பனைகளை விழுங்கின. 2021இல் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என அரசு ஆணையிட்டது. விதை நடும் இயக்கங்கள் பெருகியுள்ளன. அருட்பணியாளர் காட்சன் சாமுவேல் பனையைத் தேடிப் பயணம் செய்தும், 'பனைமரச் சாலை' என்னும் நூலை எழுதியும், பனைசார் பணியைத் திருப்பணியின் பகுதியாகவே கொண்டுள்ளார். பனையை மட்டுமன்றிப் பனையேறியையும் முடைபவளையும் தேடிச் செல்வதால் அவர் முயற்சி ஏனையவற்றினும் வேறுபடுகிறது.

சொற்களின் இழப்பு தமிழாசிரியர்க்கு நேரே உறைக்கும். வகுப்பில் நுங்கும் பதநீரும் அறியாதார் இல்லை. விடிலி, கடிப்பு, தளைநார், சில்லாட்டை என்றால் தென்மாவட்ட மாணவியரும் விழிக்கின்றனர். பன்னாடை என்றால் சிரிக்கின்றனர். அது அவர்கட்கு வசைச்சொல். பனையின் மட்டையடியில் இயற்கை நெய்த வலை அது என்பதும், வடிகட்டியாகப் பயன்பட்டது என்பதும், நன்னூல் உரைகளில் மாணாக்கர்க்கு உவமையாக வரும் நெய்யரி அதுவே என்பதும் கூறினால் வியப்புறுகின்றனர்.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் 92ஆம் திருப்பாடலைப் புரட்டினால் அங்கே பனை இல்லை. நேர்மையாளர்க்கு உவமை இப்போது பேரீச்சை மரம். எபிரேய மூலத்துக்கு இதுவே பொருந்தும்; மொழிபெயர்ப்பு அறத்தின்படி குறைகாண இடமில்லை. ஆயினும் தேரிக்காட்டில் பனைகள் சாய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் பாட்டிலிருந்தும் பனை அகன்றது. நற்செய்தியில் மட்டும் குருத்தோலை எஞ்சியது. அதனால் ஆண்டுக்கொருமுறையாயினும் சபைகள் பனையைத் தேட வேண்டியுள்ளது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, ஏறத் தெரிந்த ஒருவரை அடுத்த ஊரிலிருந்து அழைத்துவர வேண்டும். ஆள் கிடையாத ஊர்களில் தென்னங்குருத்தை விலைக்கு வாங்குவர்; அன்றேல் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும் வடலியிலேயே அரிவாளை வைப்பர். பனைக்கு வளர்முனை ஒன்றே. பழகாத கை குருத்தோடு கொழுந்தையும் வெட்டிவிட்டால் அவ்வடலி மீண்டும் தழைப்பதில்லை. பழகிய கையுடையோருள் பலரும் எழுபதைக் கடந்தவர்கள்.